டி.சி. என்ற இரண்டு எழுத்து

மாதனூர்ப் பக்கம், பாலாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் தாத்தாவுக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. பழைய 'அ' பதிவேட்டில் அந்த சர்வே நம்பருக்கு எதிரே 'டி.சி.' என்று எழுதியிருக்கும். டிப்ரஸ்டு கிளாஸ். சனங்கள் வாயில் பஞ்சமி நிலம்.

செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல், தரிசு நிலத்தைக்கூட மிராசுதாரைத் தாண்டிப் பறையர் வாங்க முடியாத நிலையை எழுதி அனுப்பினார். எங்கள் சனத்துக்கு நிலம் கொடுக்கச் சொல்லி 1892இல் அரசாணை வந்தது. பத்து வருஷம் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் எங்கள் சனத்துக்குள்தான் கைமாறலாம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இன்றும் மேடைகளில் சொல்லப்படும் கணக்கு.

அத்தை கல்யாணக் கடனுக்குத் தாத்தா வெள்ளைத் தாளில் கைநாட்டு வைத்தார். நிலம் போனது. சட்டப்படி செல்லாத விற்பனைதான். செல்லாது என்று சொல்லியிருக்க வேண்டிய கர்ணமே பத்திரத்தை எழுதினார்.

அப்பா தோல் ஷாப்புக்குப் போனார். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிப் பச்சைத் தோல் புரட்டுகிற வேலை. சோறு பிசையும்போதும் கையில் அந்த வாடை இருக்கும். 1961இல் நில உச்சவரம்புச் சட்டம், 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970இல் அது 15 ஆனது. உபரி நிலத்தைப் பிரித்துக் கொடுக்கப் போகிறோம் என்று ஊரெல்லாம் பேச்சு. முன்பே கொடுத்தது எங்கே என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. 1980களில் யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்பு முடிந்து புதுக் கணக்கு வந்தபோது அந்த இரண்டு எழுத்தும் இல்லை. எழுதும்போது விட்டுப்போச்சாம்!

1994 அக்டோபரில், காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடியவர்கள்மீது செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரம்தான் அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து, தாத்தா கட்டிய கிஸ்தி ரசீதுகளை வெளியே எடுத்தார்.

அதற்குள் ஷாப்புக் கழிவு கிணறுகளில் இறங்கியிருந்தது. தோல் அழுகாமலிருக்கப் போட்ட உப்பை அலசிவிட்ட தண்ணீர், அதோடு குரோம். தென்னை குருத்தோடு கருகியது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்றது. இன்று சட்டக் கல்லூரிகளில் அது பாடம். பிற்பாடு நஷ்டஈட்டுப் பட்டியல் வந்தபோது எங்கள் சர்வே நம்பரும் இருந்தது, பட்டாதாரர் பெயரில்.

நிலத்தை அளக்க வந்த அன்று பட்டாதாரரின் மகனுக்கு எல்லை தெரியவில்லை. ஆள் அனுப்பி அப்பாவை அழைத்துப் போனார்கள். நான்கு கல்லையும் அவர்தான் முள்ளை விலக்கிக் காட்டிக் கொடுத்தார்.