கல்கத்தா கற்ற நீர்ப் பாடம்

ஒரு பொருளைக் காக்க விரும்புவோர் முதலில் அது இன்னதென அறிதல் வேண்டும். ஆற்றிலும் குளத்திலும் வாழும் உயிர்கள் எவை, அவை ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்துள்ளன என்று அறியாத மக்கள், அவற்றை இழந்த பின்னரும் தாம் இழந்தது எதுவென உணரமாட்டார்கள். இவ்வறிவு நம் நாட்டில் படிப்படியாக வளர்ந்த வரலாற்றை, இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகரம் தெளிவாகக் காட்டுகிறது.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஹாமில்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் நிற்கிறார். 1800-ஆம் ஆண்டில், புக்கானன் என்ற பெயருடன், சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னட, மலையாள நாடுகளைச் சுற்றி எழுதியவர் இவரே. பின்னர் வங்கத்தில் பணியாற்றியபோது, கங்கையிலும் அதன் கிளைகளிலும் வாழும் மீன்களை ஆராய்ந்தார். 1822-இல் வெளிவந்த அவருடைய நூல் 200-க்கும் மேற்பட்ட மீனினங்களை விவரித்தது. அவற்றுள் பலவற்றிற்கு உள்ளூர் மக்கள் வழங்கிய பெயர்களையே அவர் சூட்டினார். ரோகு, கட்லா, மிருகால், நாம் உல்லம் என்று கூறும் இலிஷ் ஆகிய மீன்களின் விஞ்ஞானப் பெயர்களில் அவ்வழக்குச் சொற்கள் இன்றும் ஒலிக்கின்றன. மீன் பிடிப்போரின் அறிவு இவ்வாறு விஞ்ஞானத்திற்கு அடிப்படையாயிற்று.

அடுத்த படியை அமைத்தவர் நெல்சன் அன்னண்டேல். 1916-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் கல்கத்தாவில் நிறுவப்பெற்ற இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவர் இவர். நன்னீரில் வாழும் கடற்பஞ்சு இனத்து உயிர்களையும் பிற சிற்றுயிர்களையும் பற்றி 1911-இல் இவர் எழுதிய நூலுக்கு, நகரத்துக் குளங்களே பெரிதும் பயன்பட்டன. சௌரங்கியிலுள்ள அருங்காட்சிச்சாலையின் குளத்திலேயே ஆராயத்தக்க உயிர்கள் பல இருந்தன.

எனினும், பெயரிட்டுப் பட்டியல் எழுதியதனால் மட்டும் நீர்நிலைகள் பிழைத்துவிடவில்லை. நகரின் கிழக்கே பரந்திருந்த உவர்நீர் ஏரிகளுக்குக் கடல்நீரைக் கொணர்ந்த வித்யாதரி ஆறு தூர்ந்துபோய், 1928-இல் இறந்த ஆறென அறிவிக்கப்பட்டது. உவர்நீர் வற்றவே, அங்கிருந்த மீன் வளர்ப்போர் நகரின் கழிவுநீரை ஆழமற்ற குளங்களில் விட்டு மீன் வளர்க்கக் கற்றனர். இக்குளங்களைப் பேரி என்பர். சூரிய ஒளியில் பாசி தழைத்து நீருக்குப் பிராணவாயு அளிக்கிறது. நுண்கிருமிகள் அழுக்கைச் சிதைக்கின்றன. பாசியையும் நுண்ணுயிர்களையும் மீன் உண்கிறது. கரையோரம் நிறுத்திய ஆகாயத்தாமரை அலையைத் தடுத்துக் கரையைக் காக்கிறது. நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே அதன் பக்குவத்தை அம்மக்கள் அறிகின்றனர்.

இப்பயன் நகரத்தாருக்குத் தெரியவில்லை. 1962-இல் தொடங்கி, ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் கொட்டி ஏரிப்பரப்பின் ஒரு பகுதியைத் தூர்த்தனர். அங்கே உப்பு ஏரி நகர் எழுந்தது. எஞ்சியதும் அவ்வழியே போயிருக்கும். அதைத் தடுத்தவர்களுள் முதன்மையானவர் துருவஜோதி கோஷ் என்னும் அரசாங்கப் பொறியாளர். நகரின் கழிவுநீர் எங்கே சென்று என்ன ஆகிறது என்று 1980-களின் தொடக்கத்தில் அவர் ஆராயப் புகுந்தார். மீன் வளர்ப்போரிடமும் உழவரிடமும் கேட்டறிந்தார், அப்பகுதியை வரைபடமாக்கினார், இயந்திரமும் பெருஞ்செலவும் இன்றி நகரின் கழிவுநீர் தூய்மையாவதை உலகிற்கு விளக்கினார்.

அவ்வறிவு நீதிமன்றத்தில் பயன் தந்தது. பொதுநலச் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், அந்நிலத்தை வேறு பயனுக்கு மாற்றலாகாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 1992-இல் தடை விதித்தது. 2002-இல் ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்பு, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. 2006-இல் மேற்கு வங்க அரசு அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. கோஷ் 2018-இல் மறைந்தார். தூர்த்துக் கட்டடம் எழுப்பும் முயற்சிகளோ இன்னும் ஓயவில்லை. ஆகவே கண்காணிப்பும் ஓயலாகாது.

ஏரியும் கண்மாயும் வெட்டி வாழ்ந்த மரபினர் நாம். சென்னையிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும், பெரும்பகுதியை இழந்த பின்னரே, 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. பிழைப்பின் பொருட்டு எந்த நகரில் குடியேறினாலும், அந்நகரின் குளங்கள் யாவை, அவற்றில் வாழும் மீன்களை அண்டை அயலார் எப்பெயரால் அழைக்கின்றனர், நம் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்டறிவோமாக. ஹாமில்டனும் கோஷும் இவ்வாறு கேட்டே தொடங்கினர்.