ஒட்டகத்தின் பூர்வீகம்

திமில், அகன்ற பாதம், தாகம் தாங்கும் உடல் என மூன்றும் மணலுக்கென்றே அளவெடுத்துத் தைத்தவை போலத் தெரிவதால், ஒட்டகத்தை உருவாக்கியது பாலைவனமே என்று நாம் நம்பிவிடுகிறோம். மண்ணுக்கடியில் கிடைத்த எலும்புகள் அப்படிச் சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தின் பிறப்பிடம் வட அமெரிக்கா. சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வாழ்ந்த புரோட்டைலோபஸ் என்ற மூதாதை, முயல் அளவே இருந்தது. அதற்குப் பின் வந்த போயிப்ரோதீரியத்தை ஜோசப் லைடி 1847இல் விவரித்தார். அது ஆட்டின் உயரம். ஒட்டகச்சிவிங்கியைப் போலக் கழுத்து நீண்ட இனங்களும் பிறகு தோன்றின. குடும்பத்தின் ஆயுளில் பெரும்பகுதி அந்த ஒரு கண்டத்துக்குள்ளேயே கழிந்தது. சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் ஒரு கிளை பெரிங் நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்குள் நுழைந்தது. இன்றைய ஒட்டகங்கள் அதன் வாரிசுகள். இன்னொரு கிளை, பனாமா நிலத்தொடர்பு ஏற்பட்ட பின் தென் அமெரிக்காவுக்கு இறங்கி, குவானக்கோ, விக்குன்யா என்று ஆண்டீஸ் மலைகளில் நிலைத்தது. லாமாவும் அல்பாக்காவும் மனிதர் அவற்றிலிருந்து பழக்கி வளர்த்தவை.

திமிலும் இல்லாத, மணலையும் மிதிக்காத லாமாவை ஒட்டகத்தோடு சேர்ப்பது எப்படி நியாயம் என்று கேட்கலாம். லின்னேயஸ் 1758இல் லாமா, அல்பாக்கா இரண்டையும் ஒட்டகப் பேரினத்திலேயே சேர்த்தார். பின்வந்தவர்கள் பேரினத்தைப் பிரித்தார்களே தவிர, குடும்பத்தைப் பிரிக்கவில்லை. பிரிக்கவும் முடியாது. இரு கிளைகளுக்கும் குரோமோசோம்கள் 74. 1998இல் துபாயில் ஆண் ஒட்டகத்தின் விந்தைப் பெண் லாமாவுக்குச் செயற்கையாகச் செலுத்தி, 'காமா' என்ற கலப்புக் குட்டியையே பிறக்க வைத்தார்கள். இத்தனைக்கும் இரு கிளைகளும் பிரிந்து ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இரத்தம். பாலூட்டிகளில் இந்தக் குடும்பத்துக்கு மட்டுமே சிவப்பணுக்கள் நீள்வட்டமாக இருக்கின்றன. உடலில் நீர் வற்றினாலும் திடீரெனப் பெருகினாலும் வெடிக்காத அணுக்கள் என்பதால், இது பாலைவனம் தந்த கொடை என்று எழுதுவது வழக்கம். அப்படியானால் குளிர்ந்த மலை மேட்டில் மேயும் விக்குன்யாவுக்கு அது எப்படி வந்தது? இரு கிளைகளுக்கும் பொதுவான முன்னோரிடம் இருந்தே வந்திருக்க வேண்டும். அதாவது ஒட்டகம் அரேபிய மணலில் கால் வைப்பதற்கு வெகு காலம் முன்பே. மெத்தைப் பாதத்துக்கும் இதே நியாயம்தான். அதுவும் லாமாவிடம் இருக்கிறது.

திமிலுக்கு இந்த வாதம் செல்லாது. அது ஆசியக் கிளைக்கு மட்டுமே உரியது. ஆனால் அந்தக் கிளையும் மணலில் தொடங்கியதல்ல. கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் சுமார் 30 எலும்புத் துண்டுகள் கிடைத்தன. நதாலியா ரிப்சின்ஸ்கியின் குழு அவற்றில் எஞ்சியிருந்த கொலாஜன் புரதத்தை ஆராய்ந்து, 35 லட்சம் ஆண்டுப் பழமையான ஒட்டகத்தின் கால் எலும்பு என 2013இல் அறிவித்தது. இன்றைய ஒட்டகத்தினுடையதைவிட அது ஏறத்தாழ 30 சதவீதம் பெரியது. அன்று அங்கே காடு இருந்தது. கூடவே பல மாதம் நீளும் இருளும் பனியும். கொழுப்பைச் சேமிக்கும் திமிலும் அகன்ற பாதமும் அந்தக் குளிர்காலத்துக்கே முதலில் உதவியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். திமில் புதைபடிவமாகாது, ஆகவே இது ஊகம்தானே என்று மறுப்பவர்கள் சொல்வது சரி. ஆனால் பாலைவனத்தில்தான் திமில் முளைத்தது என்பதற்கும் எலும்புச் சான்று கிடையாது. கோபியின் உறைபனியைத் தாங்கும் இரட்டைத் திமில் ஒட்டகமோ இன்றும் கண்முன் நிற்கிறது. பாலைவனத்துக்குப் பங்கே இல்லை என்று நான் வாதிடவில்லை. பகலில் உடல் வெப்பத்தை உயரவிட்டு வியர்வையை மிச்சப்படுத்தும் ஒற்றைத் திமில் ஒட்டகத்தின் திறன், வெயிலில் மெருகேறியதாகவே இருக்கலாம். மெருகேற்றியதற்கு மேல் உரிமை கோரப் பாலைவனத்திடம் சான்று இல்லை.

தாயகத்தில் தங்கிவிட்ட கிளைகள் பனியூழியின் இறுதியில் அழிந்தன. அவற்றில் ஒன்றான கேமெலாப்ஸை, எலும்பின் சாயலை வைத்து லாமாவின் பக்கமே நெடுங்காலம் நிறுத்தியிருந்தார்கள். யூகோனில் கிடைத்த எலும்பின் மரபணுவை 2015இல் படித்தபோது, அது ஒட்டகத்துக்கே நெருங்கிய உறவு என்று தெரிந்தது.