கெஸ்ட் பிளேயர் கடல் கடந்த கதை

கோடை விடுமுறை தொடங்கினால் சேலம், நாமக்கல் பக்கத்து டீக்கடைச் சுவர்களில் டென்னிஸ் பால் கிரிக்கெட் போஸ்டர்கள் வந்துவிடும். முதல் பரிசு ரிக் வண்டி முதலாளி உபயம், இரண்டாம் பரிசு கோழிப்பண்ணைக்காரர் உபயம், கோப்பைகள் ஏதோ ஒரு ஃபைனான்ஸ். பரிசுத் தொகையைத் தூரத்திலிருந்தே படித்துவிடலாம். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் படிக்கத்தான் கிட்டே போகவேண்டும்: அம்பயர் தீர்ப்பே இறுதியானது, நுழைவுக் கட்டணம் திருப்பித் தரப்படாது, ஓர் அணிக்கு கெஸ்ட் பிளேயர் இத்தனை பேர்தான். சில ஊர்களில் ஆதார் அட்டையைக் காட்டச் சொல்வதும் உண்டு. ஆத்தூரிலிருந்து ஒரு வேகப்பந்துக்காரனைக் காசு கொடுத்துக் கூட்டிவந்து ஓமலூரில் இறக்கினால் உள்ளூர்ப் பையன்களுக்கு என்ன மிஞ்சும் என்ற பயம்தான்.

இந்தப் பயம் நம்மூரில் பிறந்ததல்ல. லங்காஷயர், மிலான், மணிலா எல்லாமே இதே கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு ஆடப்போகும் ஆள் உலகம் சுற்றிய கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவனை வரவழைத்தவர்களில் பலர் விளையாட்டுக்காரர்களே அல்ல. வேறு ஏதோ சரக்கு விற்க வந்தவர்கள்.

1859 செப்டம்பரில் ஜார்ஜ் பார் தலைமையில் 12 ஆங்கிலேய கிரிக்கெட்காரர்கள் லிவர்பூலில் கப்பலேறினார்கள். எல்லோரும் கூலிக்கு ஆடுபவர்கள். வெளிநாடு போன முதல் இங்கிலாந்து அணி அதுதான். போன இடம் இந்தியாவோ ஆஸ்திரேலியாவோ அல்ல, கனடாவும் அமெரிக்காவும். 5 ஆட்டங்கள், ஐந்திலும் வெற்றி. நியூயார்க் மாநிலத்து ராச்சஸ்டரில் அக்டோபர் குளிர் தாங்காமல் மேல்கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு ஃபீல்டிங் செய்தார்கள். அடுத்த முறையும் போயிருப்பார்கள். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டுவிட்டது.

அதே ஆண்டு மெல்போர்னில் ஸ்பையர்ஸ், பாண்ட் என்று இரண்டு ஹோட்டல்காரர்கள் ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வரவழைக்க விரும்பியது நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸை. அவர் ஊர் ஊராகத் தம் கதைகளை வாசிப்பார், கூட்டம் கூடும், தங்கள் உணவு விடுதியில் வியாபாரம் நடக்கும் என்பது கணக்கு. அது கைகூடவில்லை. லண்டனுக்குப் போன அவர்களுடைய ஏஜென்ட் வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் கிரிக்கெட்காரர்களைப் பிடித்தார். ஆளுக்கு 150 பவுண்டு, போகவரச் செலவு தனி. 1862 புத்தாண்டு நாளில் மெல்போர்ன் மைதானத்தில் முதல் ஆட்டம். ஹோட்டல்காரர்களுக்குச் சுமார் 11,000 பவுண்டு மிஞ்சியதாகச் சொல்வார்கள். அந்த உற்சாகத்தில் இருவரும் லண்டனுக்கே குடிபெயர்ந்து ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகள் நடத்திப் பெரும் பணக்காரர்களானார்கள். டிக்கன்ஸ் மட்டும் சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே வேறு பக்கம் போயிருக்கும்.

அந்த அணியில் சார்லஸ் லாரன்ஸ் என்ற ஒருவர் ஊர் திரும்பவில்லை. சிட்னியில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது, தங்கிவிட்டார். 1868இல் ஆஸ்திரேலியப் பழங்குடி வீரர்களின் அணி ஒன்றைத் தாமே இங்கிலாந்துக்கு அழைத்துப்போனார். ஆடப் போனவர் தங்கி, பயிற்சியாளராகி, இன்னொரு கூட்டத்தைக் கப்பலேற்றும் இந்தப் பழக்கம் பிறகு பல நாடுகளில் தொடர்ந்தது.

கிரிக்கெட்டை விட்டுக் கூடைப்பந்துக்கு வருவோம். கடல்கடந்து ஆடும் தொழிலை அமெரிக்கர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். 1891 டிசம்பர், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட். ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் குளிர்காலத்துக்கு ஒரு விளையாட்டு வேண்டும் என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித்துக்கு இரண்டு வாரம் கெடு. கனடாக்காரரான அவர் பள்ளியின் வேலையாளிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக் கூடைதான் இருந்தது. அதை மாடத்தின் கைப்பிடியில் ஆணியடித்தார்கள். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. சேலத்துப் பள்ளிக்கூடத்தில் நிற்கும் வளையமும் இன்றைக்கு அதே 10 அடிதான். பக்கத்துக்கு 9 பேர், கையில் கால்பந்து. ஒரே ஒரு முறைதான் பந்து கூடைக்குள் போனது. போன பந்தை எடுக்க ஏணி தேவைப்பட்டது.

அந்த 18 பேரும் உடற்பயிற்சி ஆசிரியர்களாகவும் ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்களாகவும் போகவிருந்தவர்கள். ஆட்டத்தைப் பெட்டியில் சேர்த்துக் கட்டிக்கொண்டு திசைக்கொருவராகப் போனார்கள். 1893 முடிவதற்குள் பாரிஸில் கூடை மாட்டியாகிவிட்டது. அன்றைக்கு ஓர் அணிக்குத் தலைவராக இருந்த டங்கன் பாட்டன்தான் 1894 வாக்கில் இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் என்று சொல்வார்கள். நெய்ஸ்மித்தின் வகுப்பில் இஷிகாவா என்று ஒரு ஜப்பானியரும் இருந்தார். ஆக, கூடைப்பந்துக்கு உள்ளூர் ஆட்டமாக மட்டும் இருக்கும் நாளே வாய்க்கவில்லை.

இப்படி ஊழியத்துக்காகப் போனவர்கள் ஒரு சல்லிக் காசு வாங்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ.வுக்கு விளையாட்டில் பணம் கலப்பதே பாவம். ஆனால் நியூஜெர்சி மாநிலத்து டிரென்டனில் சில பையன்கள் 1896இல் வாடகைக்கு ஓர் அரங்கம் எடுத்து, டிக்கெட் போட்டு ஆடினார்கள். செலவு போக ஆளுக்கு 15 டாலர், மீந்துபோன ஒரு டாலர் கேப்டனுக்கு என்று ஒரு கதை. தொழில்முறைக் கூடைப்பந்தின் பிறப்பாக இதைத்தான் சொல்வார்கள்.

மறுபக்கம், காசு வாங்காத அமெரிக்கர் ஒருவர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக். 1920இல் அவர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரிதான் இன்றும் நந்தனத்தில் இருப்பது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை மேலாளராக அழைத்துப்போனவரும் அவரே. அவருடைய கல்லூரியில் படித்து வெளியேறியவர்கள் மாகாணம் முழுக்க டிரில் மாஸ்டர்களாகப் பரவினார்கள். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில், கையில் சுண்ணாம்புப் பொடி வாளி. காலையில் மாஸ்டர் கோடு போட்டுவிட்டுப் போனால் மாலைக்குள் பிள்ளைகளின் காலில் அழிந்துவிடும். மறுநாள் மறுபடி போடுவார். தமிழ்நாட்டுக் கூடைப்பந்தின் பலத்துக்கு எந்தக் கம்பெனியையும்விட இந்த பி.டி. மாஸ்டர்களே காரணம் என்பது என் கட்சி.

காசு வாங்கும் ஆட்டக்காரன் இதற்கிடையே சும்மா இருக்கவில்லை. லங்காஷயரின் நூற்பாலை ஊர்களில் சனிக்கிழமை கிரிக்கெட். கிளப்புக்கு ஒரு கூலி ஆட்டக்காரர் மட்டும் என்று விதி. 1929இல் நெல்சன் என்ற சிற்றூர் டிரினிடாடிலிருந்து லியரி கான்ஸ்டன்டைனைக் கூட்டிவந்தது. அவர் இருந்த 9 பருவங்களில் 7 முறை நெல்சனுக்குக் கோப்பை. அரைச் சதம் அடித்தால் கூட்டத்தில் தொப்பி சுற்றிவரும், ஆலைத் தொழிலாளிகள் சில்லறை போடுவார்கள். நம்மூரில் சிக்ஸருக்கு 100 ரூபாய் என்று மைக்கில் அறிவிக்கிறவர் நெல்சனைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். பக்கத்து ஊரான கோல்ன் சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா? அது நம் அமர் சிங்கைக் கூட்டிவந்தது.

அமெரிக்கக் கூடைப்பந்துக்காரர்களின் முறை 1960களில் வந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பில் பிராட்லி, நியூயார்க் நிக்ஸ் அணி அழைத்தும் போகாமல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போனார். படிப்புக்கு நடுவே விமானத்தில் மிலானுக்குப் பறந்து சிம்மென்டால் என்ற அணிக்கு ஆடினார். சிம்மென்டால் என்பது டின்னில் அடைத்த இறைச்சி விற்கும் கம்பெனி. 1966இல் டின் இறைச்சி அணி ஐரோப்பியச் சாம்பியன் ஆனது. பக்கத்தில் வரேசே என்ற ஊரில் ஃபிரிட்ஜ் கம்பெனியான இக்னிஸின் பெயரில் ஓர் அணி. அதுவும் 1970களில் அமெரிக்கர்களைச் சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவை ஆட்டிப்படைத்தது. பிராட்லி பிற்பாடு நியூஜெர்சியின் செனட்டர் ஆனார், அதாவது அந்த 15 டாலர் டிரென்டனைத் தலைநகராகக் கொண்ட மாநிலத்துக்கு.

1965இல் என்.பி.ஏ. வீரர் தேர்வில் பால்டிமோர் அணி இரண்டாம் சுற்றில் தேர்ந்தெடுத்த டால் பிராடி, ஒரு விளையாட்டு விழாவுக்காக இஸ்ரேல் போனார். ஒரு வருடம் இருந்துவிட்டு வரலாம் என்று திரும்பவும் போனவர் அங்கேயே குடியேறிவிட்டார். 1977இல் மக்காபி டெல் அவிவ் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது கேப்டன் அவர்தான். சிட்னியில் தங்கிவிட்ட லாரன்ஸின் நேர் வாரிசு என்று இவரைச் சொல்லலாம்.

ஆனால் வெளிநாட்டு ஆட்டக்காரனை ஒரு முழு அமைப்பாகவே மாற்றியவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள். 1975இல் மணிலாவில் தொடங்கிய பி.பி.ஏ., ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். அணிகளுக்கு ஊர்ப் பெயர் கிடையாது, கம்பெனிப் பெயர்தான்: டி-ஷர்ட் தைக்கும் கிரிஸ்பா, கார் விற்கும் டொயோட்டா, பிறகு ஜின் காய்ச்சும் ஹினெப்ரா. வருடத்தில் குறிப்பிட்ட தொடர்களுக்கு மட்டும் வெளிநாட்டு ஆளைச் சேர்க்கலாம். அதிலும் உயர வரம்பு உண்டு. வந்திறங்கும் அமெரிக்கரை நிற்கவைத்து அளப்பார்கள். ஒரு அங்குலம் கூடிவிட்டால் வந்த வழியே விமானம். மிசிசிப்பியின் பருத்திக் காட்டுக் குடும்பத்தில் பிறந்த பில்லி ரே பேட்ஸ், என்.பி.ஏ.வில் சில வருடம் மின்னி மறைந்தவர். 1983இல் கிரிஸ்பாவுக்கு வந்தார், மணிலாவே அவர் பின்னால் போனது. சொந்த நாட்டில் மறந்துபோன பெயர் இன்னொரு நாட்டில் குழந்தைகளுக்குத் தெரிந்திருப்பது இந்தத் தொழிலின் விசித்திரம். நியூயார்க்கின் ஸ்டெஃபான் மார்பரி 2010இல் சீனா போய், பெய்ஜிங் அணிக்கு 2012, 2014, 2015 என மூன்று கோப்பை வாங்கிக்கொடுத்தார். அங்கே அவருக்குச் சிலையே வைத்துவிட்டார்கள்.

இத்தனை ஊர் சுற்றியவர்கள் நம் பக்கம் ஏன் பெரிதாக வரவில்லை? இந்தியாவில் டின் இறைச்சிக்காரர் உட்காரவேண்டிய நாற்காலியில் அரசாங்கம் உட்கார்ந்திருந்தது. ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, போலீஸ், ராணுவம். நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, ஓய்வூதியம் வரை நிம்மதி. கோயம்புத்தூரின் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கும், காவிரிக்கு அக்கரையில் கரூரில் நடக்கும் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுப் போட்டிக்கும் வருகிற அணிகளின் பெயர்களைப் பார்த்தாலே போதும், பாதி அலுவலக அணிகள். வங்கியில் கிளார்க் வேலை கொடுத்து ஓர் அமெரிக்கரைக் கூட்டிவர முடியுமா? அதனால் இங்கே வந்த அமெரிக்கர்கள் பெரும்பாலும் பக் வழியில் பயிற்சியாளர்களாகவே வந்தார்கள். அப்படி வந்த ஸ்காட் ஃபிளெமிங்கின் கீழ்தான் 2014இல் வூஹானில் இந்தியா சீனாவை 65–58 என்று வீழ்த்தியது. சம்பளத்துக்கு ஆடும் லீக்குகள் அண்மைக் காலத்தில்தான் தலைகாட்டின, அவற்றின் வழியே வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் வரத்தொடங்கியிருக்கிறார்கள்.

கிரிக்கெட்டுக்கு அந்தத் தயக்கம் இல்லை. 2008இல் ஐ.பி.எல். வந்தபோது களத்தில் 4 வெளிநாட்டவர் என்று வரம்பு போட்டது. மீதி 7 பேரையும் உள்நாட்டில் தேடியாகவேண்டும். அந்தத் தேடல் நீண்டு நீண்டு சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியையும் எட்டியது. தறி வேலை பார்த்த அப்பா, சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்ட அம்மா. 20 வயதுவரை டென்னிஸ் பாலிலேயே வளர்ந்தவர் தங்கராசு நடராஜன். ஊர்க்காரர் ஒருவரின் தூண்டுதலால் சென்னை லீக்குக்குப் போய், 2016 டி.என்.பி.எல்.லில் திண்டுக்கல் அணிக்கு யார்க்கர் யார்க்கராகப் போட்டார். 2017 ஏலத்தில் 10 லட்சத்தில் தொடங்கிய விலை 3 கோடியில் நின்றது. வாங்கியது பஞ்சாப்.

2020 கடைசியில் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அவரை முதலில் தேர்ந்தெடுத்தது ஆட அல்ல, வலைப்பயிற்சியில் மற்றவர்களுக்குப் பந்து வீச. ஒவ்வொரு பந்துவீச்சாளராகக் காயம்பட்டார்கள். வருண் சக்கரவர்த்திக்குத் தோள், சைனிக்கு முதுகு, பிறகு உமேஷுக்குக் கெண்டைக்கால். டிசம்பர் 2ஆம் தேதி கான்பராவில் ஒருநாள் ஆட்டம், 4ஆம் தேதி அங்கேயே டி20, 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். ஊர் திரும்பியதும் சின்னப்பம்பட்டியில் குதிரை பூட்டிய ரதத்தில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள்.

2023 ஜூனில் சொந்த ஊரிலேயே ஒரு மைதானம் கட்டித் திறந்தார். அதற்கு முன்பே அதே ஊரின் பெரியசாமி 2019 டி.என்.பி.எல்.லில் விக்கெட்டுகளாக அள்ளியிருந்தார், சேப்பாக்கத்து அணிக்காக. நடராஜனை 2025க்கு டெல்லி 10.75 கோடி கொடுத்து வாங்கியது, அந்தப் பருவத்தின் பெரும்பகுதி பெஞ்சிலேயே கழிந்தது. பஞ்சாப், ஐதராபாத், டெல்லி என்று மூன்று ஊர்ச் சட்டைகள் மாட்டியாகிவிட்டது. ஐ.பி.எல்.லில் சென்னைச் சட்டை மட்டும் அவருக்கு இதுவரை வாய்க்கவில்லை.