இரண்டு டெவன்கள்

இங்கிலாந்தில் டெவன் என்று ஒரு கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்றால் கிட்டத்தட்ட நம்ம மாவட்டம் மாதிரி. ஜூன் 4 அவர்களுக்கு டெவன் தினம். புனித பெட்ரோக் என்ற பழைய துறவியின் திருநாள் அது. பச்சை, வெள்ளை, கறுப்பு நிறத்தில் கொடியும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கொடி வந்ததே 2003இல்தான்.

தலவாக்கலைக்குப் பக்கத்தில் நமக்கும் ஒரு டெவன் இருக்கு. நீர்வீழ்ச்சியைப் பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்த டெவனுக்கும் ஒரு நாள் உண்டு. மே 11. 1977இல் அன்றுதான் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்.

ஊருக்கு ஒரு நாள் என்பது ஏதோ ஆதிகாலத்து வழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் எதையாவது பறிகொடுத்த பிறகுதான் அது பிறக்கிறது. யார்க்ஷயரை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் அரசாங்கம் உள்ளூராட்சி எல்லைகளை மாற்றிப் பழைய கவுண்டியைத் துண்டு துண்டாக்கியது. அதை எதிர்த்து 1975இல் தொடங்கியதுதான் ஆகஸ்ட் 1 யார்க்ஷயர் தினம். “எல்லையை மாத்தினா ஊர் மாறிருமா?” என்ற கோபம்தான் அதற்கு வித்து.

எந்தத் தேதி என்பதும் சும்மா இல்லை. மொழிவழி மாநிலங்கள் பிரிந்த 1956 நவம்பர் 1தான் தமிழ்நாடு நாள் என்று முதலில் இருந்தது. 2021இல் அதை ஜூலை 18க்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். 1967இல் சட்டசபை ‘தமிழ்நாடு’ என்ற பெயருக்குத் தீர்மானம் போட்ட நாள் அது. தேதி மாறும்போது சொல்லுகிற கதையும் மாறுகிறது. முதலாவது எல்லையின் கதை, இரண்டாவது பெயரின் கதை.

நம்ம கதைக்கு எந்தத் தேதி? ஜனவரி 10ஐ மலையகத் தியாகிகள் தினம் என்கிறோம். 1940இல் அன்றைக்கு முல்லோயா தோட்டத்தில், சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் சுடப்பட்டார். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தை நினைப்பவர்கள் நவம்பர் மாதத்தைச் சொல்லுவார்கள். 2023இல் மலையகம் 200 என்று, ஜூலை 28 தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12 மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். கூலி, குடியுரிமை, நடந்து வந்த பாதை என்று ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கதை.

மே 11இன் கதை காணி. காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு, நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் சுமார் 7,000 ஏக்கரைத் தோட்டத்திலிருந்து பிரித்து, வெளியிலுள்ள சிங்கள மக்களுக்குக் கொடுக்கத் திட்டம் போட்டார்கள். தேயிலை போனால் வேலை போகும், லயமும் போகும். அதனால்தான் ஆட்கள் கூடி எதிர்த்து நின்றார்கள். சூட்டுக்குப் பிறகு அந்தத் திட்டம் நகரவில்லை. இரண்டே மாதத்தில் பொதுத்தேர்தல் வந்தது. 1947இல் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவிட்டுப் பிறகு வாக்குரிமையை இழந்த சமூகம், 1977இல் தொண்டமானை நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியிலிருந்து அனுப்பியது.

இந்த அளவுக்கு மேடையில் எல்லாரும் பேசுவார்கள். பேசாத பாதி ஒன்று இருக்கு.

காணி கேட்ட கிராமத்து ஆளும் பறிகொடுத்தவன்தான். 1840 முடிக்குரிய காணிச் சட்டம், பத்திரம் இல்லாத காட்டையும் சேனையையும் முடிக்குச் சொந்தமாக்கியது. அவை கோப்பித் துரைமாருக்குக் கைமாறின. அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத்தான் நம்ம பாட்டன் பூட்டன்களைக் கொண்டுவந்தார்கள். பறித்தவன் கப்பலேறிப் போய்விட்டான். பறிகொடுத்தவனும் கொண்டுவரப்பட்டவனும் ஒரே மலையில் ஒருத்தனை ஒருத்தன் முறைத்துக்கொண்டு நின்றோம்.

கொத்மலையில் இந்தக் கதைக்கு இன்னொரு அத்தியாயமும் உண்டு. டெவன் சம்பவம் நடந்து இரண்டே வருடத்தில், 1979இல், மகாவலித் திட்டத்தில் கொத்மலை அணை வேலை தொடங்கியது. 1985இல் திறந்தார்கள். பள்ளத்தாக்கில் இருந்த சிங்களக் கிராமங்கள், வயல்கள், விகாரைகள் தண்ணிக்குள்ளே போயின. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது கடதொர விகாரையின் மிச்சம் இன்றைக்கும் வெளியே தெரியும். அதைப் பார்க்க ஆட்கள் கூடுவார்கள். மேலே லயத்தில் காணியில்லாதவர்கள், கீழே காணி மூழ்கியவர்கள். நடுவில் தண்ணி, அதில் கரண்ட்.

ஆகவே கொத்மலைக்கென்று ஒரு நாள் வைத்தால், டெவன் கவுண்டி மாதிரிக் கொடி ஏற்றிப் பெருமை பேசுகிற நாளாக மட்டும் அது இருக்க முடியாது. மே 11ஐயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாலை போட்டு, தலைவர்மார் பேசி, பிஸ்கட் சாப்பிட்டுக் கலைந்தால் வருசம் ஒன்று கூடும், வேறொன்றும் கூடாது.

அன்றைக்குச் செய்ய ஒரு வேலை இருக்கு. உங்க தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயரும் தமிழ்ப் பெயரும் எப்படி வந்தன, உங்க லயம் எந்த வருசம் கட்டியது, 1977இல் அங்கே யார் இருந்தார்கள் என்று வயசான ஆட்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பக்கத்துக் கிராமத்திலும் போய், அணை வருமுன் அவங்க வீடு எந்த இடத்தில் இருந்தது என்று கேளுங்கள். அந்தக் கொப்பியில் இரண்டு பக்கத்துக் கதையும் இருக்கட்டும்.

77இல் இருபது வயசானவர்களுக்கு இப்போது எழுபது ஆகப்போகுது. அடுத்த மே வரைக்கும் எத்தனை பேர் இருப்பாங்களோ.