நன்னடத்தை விடுதலையும் பிற்காப்பும்

குற்றம் புரிந்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடப்பதாகப் பிணைமுறி எழுதி வாங்கி, நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் வெளியிலேயே வாழவிடும் நீதிமுறை நன்னடத்தை விடுதலை எனப்படும். சிறையிலிருந்தோ சிகிச்சை நிலையத்திலிருந்தோ வெளிவருபவருக்கு இருப்பிடமும் தொழிலும் துணையும் தேடித்தருவது பிற்காப்பு. சென்னை மாகாணம் நன்னடத்தை விடுதலைக்கென 1936-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை இயற்றியது. இந்தியா முழுமைக்கும் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958-இல் வந்தது.

இச்சட்டத்தின் உயிர்நிலை 6-ஆம் பிரிவு. ஆயுள் தண்டனைக்கு உட்படாத குற்றத்தில் சிக்கிய, 21 வயது நிரம்பாத ஒருவரை, அலுவலரின் அறிக்கையை ஆராய்ந்து, நன்னடத்தை விடுதலை ஏன் பொருந்தாதென்று காரணத்தையும் எழுத்தில் பதிந்தாலன்றி, நியாயஸ்தலம் சிறைக்கு அனுப்பலாகாது. அவ்வறிக்கைக்காக அலுவலர் இளைஞனின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, படிப்பு எந்த வகுப்பில் நின்றது, கூலி யார் கைக்குப் போகிறது, இரவில் உடன் திரிபவர் யார் என்றெல்லாம் பெற்றோரிடமும் அயலாரிடமும் பொறுமையாக விசாரிக்க வேண்டியிருக்கிறது. விடுவிக்கப்பட்டவருக்கு வேலை கிடைக்கப் பிரயத்தனம் செய்வதும் அவர் கடமையே. இவ்வாறு விடுவிக்கப்பட்டவருக்குக் குற்றத்தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு நேராது என்பது 12-ஆம் பிரிவு.

ஆயினும், குற்றவாளிக்கோ பிணையாளிக்கோ நிலையான இருப்பிடமோ ஒழுங்கான தொழிலோ இருக்கவேண்டும் என்னும் 4-ஆம் பிரிவின் நிபந்தனை, ரயிலடியில் உறங்கும் திக்கற்ற இளைஞனுக்குப் பெருந்தடையாகிறது. கருணை மிகவும் வேண்டியவனுக்கே கதவு அடைபடும் இக்குறையைப் பிற்காப்பு இல்லங்களே நீக்கவல்லவை. காப்பகங்களிலிருந்து 18 வயதில் வெளியேறுவோருக்குப் பொருளுதவி அளிக்க 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வழிசெய்கிறது.

போதைப்பொருள் குற்றங்களில் நிலைமை வேறு. 1985-ஆம் ஆண்டுச் சட்டம், 18 வயது கடந்தவர்களுக்கு நன்னடத்தை விடுதலையைப் பெரும்பாலும் மறுக்கிறது. எனினும் உட்கொண்ட குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளான அடிமைப்பட்டவரை, அவருடைய சம்மதத்துடன் சிகிச்சைக்கு அனுப்பி, ஓராண்டுக்குள் அதன் பலனைத் தெரிவிக்கும் மருத்துவ அறிக்கையைப் பெறலாம் என்று 39-ஆம் பிரிவு இடம் தருகிறது. அவர் வெளியே வந்தபின் எங்கே உறங்குவார் என்று மட்டும் அப்பிரிவு கேட்பதில்லை. ஹெராயினை விட்டவருக்குக் கொட்டாவியும் மூக்கொழுகலும் மயிர்க்கூச்செறிதலும் எலும்பு நோவும் சில நாட்களில் தணிந்துவிடும், வேட்கை தணிவதில்லை. விட்டிருந்த காலத்தில் உடலின் தாங்குசக்தி குறைந்துபோவதால், முன்பு பழகிய அதே அளவே இப்போது உயிரைப் பறிக்கக்கூடும். ஆதலால், வெளிவந்த முதற் சில வாரங்களில் பிற்காப்பு இல்லாதிருப்பது மரண அபாயமாகும். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் நிறுவிய டி.டி.கே. போதைமீட்பு மருத்துவமனை, நோயாளியோடு அவர் குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வது, அவர் திரும்பிச் செல்லும் வீட்டை அவருக்கு முன்னதாகவே ஆயத்தம் செய்யும் அரிய ஏற்பாடாகும்.