நியூயார்க்கின் தெர்மாகோல் தடை: ஐந்து வருடக் கதை

சட்டம் போடுவது சுலபம். அதை அமலுக்குக் கொண்டு வருவதுதான் பெரும்பாடு! நியூயார்க் நகரத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம்.

2013 டிசம்பரில் நகர மன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஓட்டல்களும் கடைகளும் தெர்மாகோல் டப்பாவிலோ கப்பிலோ சாப்பாடு தரக்கூடாது. ஆனால் ஒரு நிபந்தனை. இதை மறுசுழற்சி செய்ய முடியாது என்று துப்புரவுத் துறை ஆராய்ந்து சொன்னால்தான் தடை வரும்.

'முடியாது' என்றது துறை. தெர்மாகோலில் பெரும்பகுதி காற்றுதான். லாரியில் நசுங்கி உதிர்ந்து மற்றக் குப்பையோடு கலந்துவிடும். எண்ணெய் ஊறிய டப்பாவைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்?

2015 ஜூலையில் தடை வந்தது. தயாரிப்பாளர்களும் ஓட்டல்காரர்களும் நீதிமன்றம் போனார்கள். 'மறுசுழற்சி செய்யலாம்' என்பது அவர்கள் வாதம். செப்டம்பரிலேயே தடை ரத்தானது! துறை மறுபடி ஆராய்ந்து, 2017-ல் அதே பதிலைச் சொன்னது. இம்முறை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2019 ஜனவரி 1 முதல் தடை மீண்டும் அமலானது.

சின்னக் கடைகளை நகரம் மறக்கவில்லை. ஆண்டு வருமானம் 5 லட்சம் டாலருக்குக் குறைவாக இருந்து, மாற்று டப்பா கட்டுப்படியாகாது என்று காட்டினால் விலக்குக் கேட்கலாம்.

2022 ஜனவரியில் நியூயார்க் மாநிலம் முழுவதுக்கும் தடை வந்தது.

எனக்குப் புரிந்தது இதுதான்: 'மறுசுழற்சி செய்யலாம்' என்ற ஒரு வார்த்தையே ஒரு சட்டத்தை வருடக்கணக்கில் தள்ளிப்போடப் போதும். அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால், 'எங்கே, யார் செய்கிறார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள்.