வார்டின் கண்ணாடிப் பெட்டியும் பெருந்தோட்டப் பயிர்களின் கடற்பயணமும்

வீட்டைவிட்டுச் சில நாட்கள் வெளியூர் செல்வோர், தம் தோட்டத்துச் செடிகளுக்கு நீர் வார்ப்பவர் யார் எனக் கவலைகொள்வது இயல்பு. இச்சிறு கவலையே, மாதக்கணக்கில் நீளும் கடற்பயணத்தோடு சேர்ந்தபோது, குடியேற்றநாட்டு வல்லரசுகளின் பொருளாதாரப் பிரச்சினையாக உருப்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்குக் காணப்பட்ட தீர்வு, இலங்கையின் நிலத்தோற்றத்தையும் சமூக அமைப்பையும் மாற்றியமைத்த காரணிகளுள் ஒன்றாகும். அத்தீர்வின் வரலாற்றையும் அதன் எல்லையையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாய்க்கப்பல் காலத்தில் ஒரு நாற்றைத் தூரதேசத்துக்கு உயிருடன் கொண்டுசெல்வது அரிதாகவே இருந்தது. மேற்றளத்தில் வைத்தால் உப்புநீர்த் திவலைகள் இலைகளைக் கருக்கின. கீழ்த்தளத்தில் வைத்தால் அவை ஒளியின்றி வாடின. எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பலிலிருந்த நன்னீர் மாலுமிகளுக்கே அளந்து வழங்கப்பட வேண்டியிருந்தது. தகிற்றித் தீவின் ஈரப்பலா நாற்றுகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுசெல்லும்பொருட்டு 1787இல் புறப்பட்ட 'பவுண்டி' என்னும் கப்பலில், பெரிய அறையே நாற்றுமேடையாக மாற்றப்பட்டது. சட்டிகளிலிருந்து வடியும் நீரைச் சேர்த்து மீண்டும் வார்ப்பதற்காக அதன் தளத்தில் ஈயத்தகடு பதிக்கப்பட்டுக் குழாய்களும் பொருத்தப்பட்டன. இத்தகைய ஏற்பாடு எல்லாக் கப்பல்களுக்கும் இயலக்கூடியதன்று. சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட செடிகளுள் ஆயிரத்துக்கு ஒன்றே பிழைத்தது என 1819இல் மக்காவோவிலிருந்த மருத்துவர் ஜோன் லிவிங்ஸ்டன் கணித்தமை இங்கு நினைவுகூரத்தக்கது.

இப்பிரச்சினைக்கு விடை கண்டவர் கடலோடியல்லர். இலண்டனின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மருத்துவரான நத்தானியேல் பக்ஷோ வார்ட் (1791–1868) ஆவார். நிலக்கரிப் புகை சூழ்ந்த அப்பகுதியில் அவர் வளர்த்த பன்னத் தாவரங்கள் தொடர்ந்து மடிந்தன. 1829இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிப் போத்தலொன்றில் இட்டு மூடிவைத்தார். சில நாட்களில் அம்மண்ணிலிருந்து ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்தன. மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாகிய நீர் கண்ணாடியில் ஒடுங்கித் துளிகளாகி மீண்டும் மண்ணையே சேர்ந்தது. நீர் வெளியேறாமையால் நீர் வார்க்கவேண்டிய தேவையும் எழவில்லை. அவை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அங்ஙனம் வாழ்ந்தன. இறுதியில் அவை மடிந்ததும் வறட்சியாலன்று. வார்ட் வீட்டில் இல்லாத வேளையில் மூடி துருப்பிடித்து, மழைநீர் மிகுதியாக உட்புகுந்தமையே காரணமாயிற்று.

1833இல் இரு பெட்டிகளில் பன்னங்களும் புற்களும் நடப்பட்டுச் சிட்னிக்கு அனுப்பப்பட்டன. அவை நலமே சென்றடைந்தன. 1834இல் அப்பெட்டிகளிலேயே அவுஸ்திரேலியச் செடிகள் இலண்டன் வந்தன. முனையின் கடுங்குளிரையும் வெப்பவலயத்தின் வெயிலையும் கடந்த அச்செடிகளுக்கு வழியில் ஒருமுறையேனும் நீர் வார்க்கப்படவில்லை. இலண்டனின் புகழ்பெற்ற நாற்றுப்பண்ணையினரான லொடிஜஸ் குடும்பத்தார், முன்னர் இருபதில் பத்தொன்பது இறந்த நிலை மாறி, இருபதில் பத்தொன்பது பிழைக்கும் நிலை தோன்றிற்று எனக் கூறினர். 1842இல் வார்ட் தம் முறையை நூலாகவும் வெளியிட்டார்.

நகரத்து வீட்டின் அழகுப் பொருளாகவும் விளங்கிய இப்பெட்டி விரைவிலேயே பேரரசின் கருவியாயிற்று. 1851இல் றொபேட் போர்ச்சூன் சீனத் தேயிலையின் விதைகளை இத்தகைய பெட்டிகளின் மண்ணில் தூவிக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தபோது, அவை வழியிலேயே முளைத்து ஆயிரக்கணக்கான நாற்றுகளாகியிருந்தன. இலங்கையைப் பொறுத்தவரையில் இறப்பரின் வருகையே தெளிவான சான்றாகும். இறப்பர் விதை முளைக்கும் திறனை விரைவில் இழப்பது. 1876இல் ஹென்றி விக்கம் பிறேசிலிலிருந்து இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 விதைகளுள் சுமார் 2,700 மட்டுமே முளைத்தன. அவ்வாண்டிலேயே 1,919 நாற்றுகள் 38 பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாலானவை உயிருடன் வந்து சேர்ந்து, கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன.

எனினும் ஒரு பெட்டியே பெருந்தோட்டப் பொருளாதாரத்தைப் படைத்தது என்று கொள்வது பொருந்தாது. கோப்பி இந்நாட்டுக்கு வார்டின் காலத்துக்கு முன்னரே வந்துவிட்டது. தேயிலை பெரும்பாலும் விதையிலிருந்து பெருக்கப்பட்டது. 1821இல் தோன்றிய பேராதனைத் தாவரவியற் பூங்காவும், 1861இல் சிங்கோனாவுக்கென அமைக்கப்பட்ட ஹக்கலப் பூங்காவும், கியூ தோட்டத்தோடு இணைந்த நிறுவன வலையமைப்பின் கூறுகளாகும். அவ்வலையமைப்பு இல்லையேல் பெட்டியிலிருந்த நாற்று இறங்குவதற்கு இடமிருந்திராது.

இதனினும் முக்கியமான எல்லை ஒன்றுண்டு. கண்ணாடியின் உள்ளே இருந்தவரைதான் நாற்றுக்கு மனிதக்கை வேண்டியதில்லை. மூடி திறக்கப்பட்ட கணமே அதற்குக் கைகள் வேண்டும். காடு வெட்டவும், நாற்றுமேடைக்கு நீர் வார்க்கவும், களை பிடுங்கவும், கொழுந்து பறிக்கவும், பால் வெட்டவும் ஆயிரமாயிரம் கைகள் வேண்டும். இறப்பர்த் தோட்டங்களில் சிங்களக் கிராமத்தவரும் உழைத்தனர் எனினும், பெருந்தோட்டத் துறையின் உழைப்பில் பெரும்பகுதியை வழங்கியோர் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரே. நாற்றுகளின் பயணத்துக்கு இத்துணை அறிவும் பொருளும் செலவிடப்பட்ட அதே நூற்றாண்டில், அத்தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கி வறண்ட காட்டுவழியே நடந்தனர். குடிநீரின்மையாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலராவர். செடிக்கு வழியில் நீர் குறையாதிருக்க வகை கண்ட பேரரசு, அச்செடியைப் பேணவிருந்த மனிதனுக்கு அவ்வகை செய்யவில்லை.

அந்நிய மண்ணிலிருந்து வந்த செடி, ஒரு தலைமுறைக்குள் இந்நாட்டின் செல்வமாக ஏற்கப்பட்டது. அதற்கு நீர் வார்த்தவரின் சந்ததியினருள் மிகப் பெரும்பாலானோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. பெட்டிகளின் எண்ணிக்கையும் நாற்றுகளின் எண்ணிக்கையும் ஏடுகளில் துல்லியமாக உள்ளன. காட்டுவழியில் வீழ்ந்தோரின் பெயர்கள் அங்ஙனம் பேணப்படவில்லை. பெருந்தோட்டப் பயிர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். பயிரின் பயணத்தை மட்டும் கூறும் வரலாறு பாதி வரலாறேயாகும்.